கம்பளி வியாபாரி கட்டிய கோட்டை வீடு: ஷ்ராப்ஷையரில் மூன்று நாள்

அக்டோபர் 17, வெள்ளி: ஆக்டன் பர்னெல்

அப்பா கும்பகோணத்தில் நாற்பது வருஷம் மரக்கடை வைத்திருந்தவர். என்னோடு பர்மிங்காமில் இருக்க வந்து ஆறு வாரம் ஆகிறது. லண்டனைக் காட்டினேன், பேசாமல் பார்த்தார். பெரிய தேவாலயங்களைக் காட்டினேன், "எல்லாம் கல்லா இருக்கேம்மா" என்றார். அவருக்கு மரம் வேண்டும். அதனால்தான் வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷையருக்கு அழைத்து வந்தேன். 1280களில் வெட்டிய ஓக் மரங்கள் இன்னும் கூரையைத் தாங்கி நிற்கும் ஒரு வீடு அங்கே இருக்கிறது. பெயர் ஸ்டோக்சே. அதற்கு முன்னால் அதே காலத்து இன்னொரு வீட்டையும் பார்த்துவிடலாம் என்று ஷ்ரூஸ்பரியில் இறங்கி, டாக்ஸி பிடித்து ஆக்டன் பர்னெல் போனோம். 28 பவுண்டு. அப்பா மனசுக்குள் ரூபாயாக்கிப் பார்த்து, கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை.

கோட்டைக்கும் சாதாரண வீட்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. ஊரின் நிலமெல்லாம் யாருடையதோ அவருடைய மாளிகை அது, நம் ஊர் ஜமீன் வீடு மாதிரி. ஆனால் சுற்றிலும் மதில், அகழி, மூலையில் கோபுரம், மதில் மேல் பல்வரிசை. பழந்தமிழில் இந்தப் பல்வரிசைக்கு ஞாயில் என்று பேர். இங்கிலாந்தில் அதை வைத்துக்கொள்ள வழக்கமாக அரசரிடம் அனுமதி வாங்குவார்கள். படை வந்தால் தடுப்பதற்கு எவ்வளவோ, அவ்வளவு ஊருக்குத் தன் அந்தஸ்தைக் காட்டுவதற்கும் அது வேண்டியிருந்தது.

ஆக்டன் பர்னெலைக் கட்டியவர் ராபர்ட் பர்னெல். இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்டின் சான்சலர், பாத் அண்ட் வெல்ஸ் பிஷப். ராஜாவுக்கு அடுத்த இடத்தில் இருந்த மனிதர் என்று சொல்லலாம். இவரைக் கேன்டர்பரி பேராயர் ஆக்கிவிட எட்வர்ட் முயன்றார், போப் ஒத்துக்கொள்ளவில்லை. 1284-இல் அனுமதி வாங்கி, தான் பிறந்து வளர்ந்த ஊரில் இந்த வீட்டை எழுப்பினார். செந்நிற மணற்கல். நீள்சதுர வடிவம், நாலு மூலையிலும் கோபுரம். பெரிய கூடம் மேல்மாடியில் இருந்தது. இப்போது தளமும் இல்லை, கூரையும் இல்லை. சுவரின் நடுவில் சன்னல்கள் மட்டும் அந்தரத்தில் நிற்கின்றன. பர்னெல் 1292-இல் இறந்தார். 1420 வாக்கில் வீடு கைவிடப்பட்டது.

அப்பாவை நிற்க வைத்தது கோட்டை இல்லை. பக்கத்து வயலில் இரண்டு முக்கோணச் சுவர்கள் தனியாக நிற்கின்றன. ஒரு பெரிய களஞ்சியத்தின் இரண்டு முனைச் சுவர்கள் அவை. நடுவில் இருந்ததெல்லாம் போய்விட்டது. 1283 அக்டோபரில் எட்வர்ட் இந்த ஊரில் பாராளுமன்றம் கூட்டினார். அது இந்தக் களஞ்சியத்தில்தான் கூடியது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஒரு வாரத்துக்கு முன்புதான், அக்டோபர் 3-ஆம் தேதி, வேல்ஸ் இளவரசன் டேவிட் அப் கிரிஃபித்தை ஷ்ரூஸ்பரியில் கொடூரமாகக் கொன்றிருந்தார்கள். அந்த ரத்தம் காயும் முன் இங்கே வந்து உட்கார்ந்து இயற்றிய சட்டம், வியாபாரிகளின் கடன் பாக்கியைப் பற்றியது! கடன் வாங்கியவன் லண்டன், யார்க், பிரிஸ்டல் மேயர்களில் ஒருவர் முன்னால் வந்து பதிவு செய்ய வேண்டும், சொன்ன நாளில் கொடுக்காவிட்டால் அவன் பொருளை விற்று வசூலிக்கலாம்.

"அப்பவே வசூல் கஷ்டம்தான் போல" என்றார் அப்பா. கடையை மூடும்போது அவருக்கு வராமல் நின்ற பாக்கி எனக்குத் தெரியும். அந்த வயலோரம் அவர் ரொம்ப நேரம் நின்றார்.

அப்புறம் மழை. நம்மூர் மழை கொட்டிவிட்டுப் போய்விடும். இது கண்ணுக்கே தெரியாமல் கோட்டுக்குள் இறங்குகிற தூறல். டாக்ஸிக்குப் போன் செய்யலாம் என்றால் சிக்னல் இல்லை. சர்ச் வாசலில் ஒதுங்கி நின்ற எங்களை, நாயோடு வந்த ஒரு வயதான அம்மா பார்த்தார். இந்த ஊர்க்காரர்கள் தாங்களாக வந்து பேசுவது குறைவு. "நலம்தானே?" என்று கேட்டுவிட்டுக் கடந்து போனவர், இருபதடி தள்ளி நின்று திரும்பி வந்தார். வீட்டுக்கு அழைத்துப் போய், தரைவழிப் போனில் டாக்ஸிக்குச் சொல்லி, அது வரும் வரை டீயும் ஓட்ஸ் பிஸ்கட்டும் கொடுத்தார். எந்த ஊர், என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவின் நனைந்த சாக்ஸை மட்டும் கேட்டு வாங்கி ஹீட்டர் மேல் போட்டார். கிளம்பும்போது சூடாகத் திரும்பி வந்தது.

அக்டோபர் 18, சனி: ஸ்டோக்சே

காலையில் நாங்கள் பிடிக்க வேண்டிய ரயில் ரத்து. அடுத்தது வர ஒன்றரை மணி நேரம். ஷ்ரூஸ்பரி பிளாட்பாரத்தில் குளிர் காலிலிருந்து ஏறியது. ஒரு கப் டீ மூன்று பவுண்டு, அதுவும் பேப்பர் கப்பில் பையை முக்கிய வெந்நீர். "இதைப் போய் டீன்னு சொல்றாங்களே" என்று அப்பா வருத்தப்பட்டார். க்ரேவன் ஆர்ம்ஸ் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கி தெற்கே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தோம். லாரிகள் விரையும் சாலையிலிருந்து ஒரு சந்தில் திரும்பியதும் சத்தம் அடங்கிவிட்டது.

முதலில் கண்ணில் பட்டது கோட்டை மாதிரியே இல்லை. மஞ்சள் பூசிய சுவரும் குறுக்கு நெடுக்காக மரச்சட்டங்களும் கொண்ட வாசல் வீடு. 1640-41-இல் கட்டியது. கதவுக்கு மேலே ஆதாமும் ஏவாளும் செதுக்கியிருக்கிறார்கள். மரத்தால் கட்டிய வாசல் எந்தப் படையைத் தடுக்கும்? அதைக் கட்டியவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் சில வருஷத்திலேயே நிஜமான படை வந்து நின்றது. அதை அப்புறம் சொல்கிறேன்.

உள்ளே போனால் புல்வெளி. அதற்கு அப்பால் வலப்பக்கம் வடக்குக் கோபுரம், நடுவில் பெரிய கூடம், இடப்பக்கம் பல முகங்கள் கொண்ட தெற்குக் கோபுரம். எல்லாம் ஒரே வரிசையில். வடக்குக் கோபுரத்தின் கீழே தடித்த கல், உச்சியில் அதைவிட அகலமாக மரவீடு ஒன்று வெளியே பிதுங்கி நிற்கிறது. கல் கோபுரத்தின் தலையில் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வைத்த மாதிரி. அப்பா அங்கேயே நின்றுவிட்டார். "அடியில தாங்குகட்டை குடுத்திருக்கான் பாரு. இல்லேன்னா இத்தனை வெளிய நீட்டினா தலை தொங்கிடும்."

இதைக் கட்டியவர் பிரபு இல்லை. லட்லோ ஊரைச் சேர்ந்த லாரன்ஸ். அப்பா நிக்கலஸும் கம்பளி வியாபாரி, இவரும் கம்பளி வியாபாரி. வேல்ஸ் எல்லையில் மேய்ந்த ஆடுகளின் ரோமத்துக்கு அன்றைக்கு ஐரோப்பாவில் பெரிய கிராக்கி. இங்கிருந்து வாங்கி, கடலுக்கு அப்பால் ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பக்கம்) நெசவு ஊர்களுக்குக் கப்பலேற்றி விற்றுப் பணம் சேர்த்தார். பிரபுக்களுக்கும் ராஜாவுக்குமே கடன் கொடுத்தார். நேற்று பார்த்த களஞ்சியத்துச் சட்டம் இவரைப் போன்றவர்களுக்காக வந்ததுதான். 1281-இல் இந்த நிலத்தை விலைக்கு வாங்கினார். ஸ்டோக் என்ற ஊரின் பெயரில் 'சே' ஒட்டிக்கொண்டிருப்பது, முன்னால் இதை வைத்திருந்த டி சே குடும்பத்தால். காசு கொடுத்து வாங்கியவரின் பெயர் ஊரில் ஒட்டவில்லை.

1282-83-இல் எட்வர்ட் வேல்ஸை அடக்கி முடித்த பிறகுதான் எல்லையில் ஒரு வியாபாரி தைரியமாக வீடு கட்ட முடிந்தது. 1291-இல் மதிலுக்கும் ஞாயிலுக்கும் அரசரிடம் அனுமதி வாங்கினார். ஆனால் கூடத்தின் சன்னல்களைப் பார்த்தால் புரிந்துவிடும். ஆள் உயரத்தைத் தாண்டிய பெரிய சன்னல்கள், முற்றத்தைப் பார்த்து மட்டுமல்ல, அகழிப் பக்கமும்! முற்றுகைக்குப் பயந்தவன் இப்படி வெளிச்சத்துக்கு வாசல் திறந்து வைக்க மாட்டான். தெற்குக் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் எட்வர்ட் வேல்ஸில் எழுப்பிய கோட்டைகளின் சாயல் தெரிகிறது. "நானும் சாதாரண ஆள் இல்லை" என்று அக்கம்பக்கத்துப் பிரபுக்களுக்கு அந்த வியாபாரி கல்லில் சொல்லியிருக்கிறார்.

கூடத்துக்குள் நுழைந்தோம். கிட்டத்தட்ட 16 மீட்டர் நீளம், 9 மீட்டருக்கு மேல் அகலம், நடுவில் ஒரு தூண் கூடக் கிடையாது. மேலே இருட்டில் வளைந்த ஓக் மரங்கள் இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் எழுந்து உச்சியில் கைகோத்து நிற்கின்றன. நடுத்தரையில் எண்கோண அடுப்பு மேடை. புகைபோக்கி இல்லாத காலம் அது. தரையில் விறகு எரியும், புகை மேலே போய் மரத்தில் படியும். சன்னல்களின் கீழ்ப்பாதிக்கு அன்றைக்குக் கண்ணாடியும் இல்லை, மரக்கதவுதான். குளிர் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்கார வேண்டியதுதான்.

அப்பா கூரையைப் பார்த்தார், சரி. ஆனால் அவர் மனசு போனது வடக்கு ஓரத்துப் படிக்கட்டில். கூடத்தின் உள்சுவரை ஒட்டி மேலே ஏறுகிறது. 13-ஆம் நூற்றாண்டு வேலை. பலகை அறுத்துப் போட்ட படிகள் இல்லை, ஒவ்வொரு படியும் முழு மரத்திலிருந்து வெட்டிய ஒரே கட்டை. எழுநூறு வருஷக் கால்கள் மிதித்து நடுவில் லேசாகக் குழிந்து, அம்மிக்கல் மாதிரி வழவழப்பாகிவிட்டது. அப்பா குனிந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டையின் பக்கவாட்டில் விரலை வைத்தார். உளியால் கீறிய கோடுகள். எந்தக் கட்டை எங்கே சேர வேண்டும் என்று தச்சர் போட்ட குறி. "நம்ம ஆசாரிங்களும் இப்படித்தான் போடுவாங்க. கீழே வெச்சுக் கோத்துப் பார்த்துட்டு, குறி போட்டு, பிரிச்சு, மேல கொண்டுபோய் மறுபடி கோப்பாங்க." விரலை எடுக்கவே இல்லை.

அங்கே நின்றிருந்த பணியாளர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடாதீர்கள் என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன். பக்கத்தில் வந்து தன் கைவிளக்கைப் பொருத்தி, இன்னொரு குறியைக் காட்டினார். அப்பாவுக்கு ஆங்கிலம் சரளமில்லை, அவருக்குத் தமிழ் தெரியாது. மரத்தைப் பச்சையாகவே இழைத்தீர்களா என்று அப்பா கேட்கச் சொன்னார். ஆமாம், ஓக்கை ஈரத்தோடுதான் வேலை செய்வார்கள், காய்ந்தால் இரும்பு மாதிரி ஆகிவிடும் என்றார் அவர். துளையில் நாக்கை நுழைத்து, குறுக்கே மர ஆணி அடித்துவிடுவார்கள். மரம் காயக் காய ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். "தேக்குன்னா காய வெச்சுத்தான் தொடணும். இது வேற குணம்" என்றார். அரைமணி நேரம் நான் நடுவில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரத்தில் அவர் இவ்வளவு பேசி நான் பார்க்கவில்லை.

எசமானர் அறைக்குக் கூடத்திலிருந்து வழி இல்லை. முற்றத்துக்கு வந்து வெளிப்படியில் ஏற வேண்டும். சுவர் முழுக்க 17-ஆம் நூற்றாண்டு மரப்பலகை, கணப்புக்கு மேலே ஆட்களும் முகங்களுமாகச் செதுக்கு வேலை. ஒரு காலத்தில் வண்ணம் பூசியிருந்தது. உற்றுப் பார்த்தால் மடிப்புகளில் இன்னும் கொஞ்சம் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணப்பின் இரண்டு பக்கமும் சின்னச் சன்னல்கள், கீழே கூடத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க. அப்பாவின் கடையிலும் மாடியில் அப்படி ஒரு சன்னல் இருந்தது. கல்லாப்பெட்டி நேராகத் தெரியும்.

அந்த அறையில் நிற்கும்போது லாரன்ஸை நினைத்து எனக்கு வருத்தமாகிவிட்டது. அனுமதி வாங்கி மூன்றே வருஷம்தான் அவர் இருந்தார். 1294-இல் பிரான்ஸோடு போர். எட்வர்டுக்குப் பணம் வேண்டும். கம்பளி ஏற்றுமதிக்கு ஒரு மூட்டைக்கு 40 ஷில்லிங் வரி என்று முடிவானது. அதற்கு முன் இருந்தது 6 ஷில்லிங் 8 பென்ஸ்தான். ஆறு மடங்கு! பெரிய வியாபாரிகளை இதற்குச் சம்மதிக்க வைத்ததில் லாரன்ஸுக்கு முக்கியப் பங்கு. வியாபாரி தன் கையிலிருந்தா வரி கட்டுவான்? ஆடு வளர்ப்பவனுக்குக் கொடுக்கும் விலையைக் குறைத்தான். அந்த நவம்பரில் கம்பளியோடும் ராஜாவின் பணத்தோடும் நெதர்லாந்துப் பக்கம் போன கப்பலில் லாரன்ஸும் இருந்தார். சஃபோக் கரையோரம் புயலில் கப்பல் உடைந்து, மூழ்கி இறந்தார். கம்பளிக்காரர்களுக்குப் பாவம் செய்தவன் கம்பளி ஏற்றிய கப்பலிலேயே மூழ்கினான் என்று டன்ஸ்டபிள் மடத்துத் துறவி ஒருவர் குறித்து வைத்தார். எனக்கு அந்தத் துறவி மேல் கோபம் வந்தது. ஆனால் விலை குறைந்த ஆட்டுக்காரன் வீட்டில் அன்றைக்கு யாரும் அழுதிருக்க மாட்டார்கள், அதுவும் புரிகிறது.

மதியச் சாப்பாடு அங்கிருந்த டீக்கடையிலேயே. லீக் உருளைக்கிழங்கு சூப்பும் ஒரு துண்டு ரொட்டியும் ஏழரை பவுண்டு. அப்பா சைவம், மிளகுத்தூள் கேட்டு வாங்கித் தாராளமாகப் போட்டுக்கொண்டார். எனக்கு ஃபிட்ஜட் பை, இந்தப் பக்கத்துப் பண்டம். உப்பிட்ட பன்றி இறைச்சி, ஆப்பிள், வெங்காயம் எல்லாம் வைத்து மாவுக்குள் மூடிச் சுட்டது. இறைச்சியின் உப்புக்கு ஆப்பிளின் புளிப்பு இவ்வளவு பொருந்தும் என்று நினைக்கவில்லை.

இனி அந்தப் படை விஷயம். லாரன்ஸின் வழியினர் சுமார் 200 ஆண்டுகள் இங்கே இருந்தார்கள். பிறகு கை மாறி, 17-ஆம் நூற்றாண்டில் க்ரேவன் குடும்பத்திடம் வந்தது. ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் ராஜா பக்கம் நின்ற வீடு. 1645-இல் பாராளுமன்றப் படை வாசலில் வந்து நின்றதும், பேச்சு வார்த்தை நடத்திச் சண்டையில்லாமல் ஒப்படைத்துவிட்டார்கள். பின்னால் மதிலை மட்டும் இடித்தார்கள். அதனால்தான் இன்று முற்றத்திலிருந்தே மலைச்சரிவு தெரிகிறது. வீரம் காட்டியிருந்தால் பீரங்கி இந்தப் படிக்கட்டை விறகாக்கியிருக்கும். பக்கத்துச் சர்ச் அந்தச் சண்டைகளில் சேதமாகி, 1650களில் திரும்பக் கட்டப்பட்டது.

அதற்குப் பிறகும் இதைக் காத்தது பெருமை இல்லை, உபயோகம். குத்தகை விவசாயிகள் கூடத்தில் தானியம் கொட்டினார்கள். பீப்பாய் செய்தார்கள், கொல்லுப்பட்டறை நடத்தினார்கள். 1830-இல் தெற்குக் கோபுரத்தில் தீப்பிடித்துத் தளங்கள் எரிந்தன. கூடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 1869-இல் ஜான் டெர்பி ஆல்க்ராஃப்ட் என்ற கையுறை வியாபாரி நிலத்தோடு சேர்த்து வாங்கினார். இடித்துப் புதிதாகக் கட்டாமல், இருப்பதைப் பழுது பார்த்து நிறுத்தினார். அரசாங்கப் பெருந்தலை பர்னெலின் வீடு கூரையில்லாமல் நிற்கிறது. கம்பளி வியாபாரி கட்டியதை இன்னொரு வியாபாரி காப்பாற்றிவிட்டார். அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

கிளம்பி ஸ்டேஷன் பாதி வழி வந்த பிறகுதான் அப்பாவின் இடது கையுறை இல்லை என்று தெரிந்தது. "போனாப் போகட்டும்" என்றார். ஆனால் அம்மா கடைசியாக வாங்கிக் கொடுத்தது அது. திரும்பி நடந்தோம். ஐந்தரை மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. சர்ச் வேலியின் கம்பி முனையில், விரல்கள் மேலே பார்த்தபடி, யாரோ அதை மாட்டி வைத்திருந்தார்கள். கீழே கிடந்தால் மிதிபடும் என்று எடுத்து, கண்ணில் படுகிற உயரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அக்டோபர் 19, ஞாயிறு: லட்லோ

இரவு லட்லோவில் தங்கினோம். அறை 95 பவுண்டு, மாடிப்படி குறுகல், ஆனால் காலையில் சுடச்சுடக் காளான் வதக்கலும் தக்காளியும் வயிறாரப் போட்டார்கள். மழை விட்டிருந்தது. லாரன்ஸ் இந்த ஊர்க்காரர் என்பதால் தெருக்களையே வேறு கண்ணோடு பார்த்தேன். கோட்டையை வெளியே சுற்றியதோடு சரி.

செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தில் பாடகர் இருக்கைகள் 28. உட்காரும் பலகையை மேலே தூக்கினால் அடியில் செதுக்கு வேலை. ஒன்றில் பிஷப் வேஷம் போட்ட நரி வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்கிறது. இன்னொன்றில் அளவில் ஏமாற்றிய சாராயக்காரியை நரகத்துக்குத் தூக்கிப் போகிறார்கள். அப்பா மண்டியிட்டு ஒவ்வொன்றையும் பார்த்தார். நான்தான் முழங்கால் வலிக்குமே என்று கவலைப்பட்டேன். "படிக்கட்டு செஞ்சவன் கை வேற, இது வேற. ஆனா அந்தப் படிதான்..." என்று பாதியில் நிறுத்திவிட்டார்.

மதிய ரயில் நேரத்துக்கு வந்தது. லட்லோவிலிருந்து வடக்கே போகும்போது ஸ்டோக்சேயைக் கடந்துதான் போகும். முன்கூட்டியே சொல்லி வைத்தேன். தெற்குக் கோபுரம் தெரிந்தது, கூடத்தின் கூரை, வடக்குக் கோபுரத்தின் தலையிலிருந்த மரவீடு. மரங்கள் வந்து மறைத்தன. அப்பா கையுறையைக் கழற்றாமலே சன்னல் கண்ணாடியைத் துடைத்து, இன்னொரு தடவை தெரியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.